பெரிய துவக்கைத் தூக்கியவன்

"நாப்பது ஆம்பளைங்க இருக்கிற கூலி லயத்துல, துரைகிட்ட உன் பேரைத்தான் சொன்னேன் மாப்ளே. கீழ கீழ போட்டு என் மானத்தை வாங்கிராத!" என்று சன்னாசி வேட்டைத் துப்பாக்கியான அந்தப் பெரிய துவக்கை நீட்டினான்.

கறுப்பையா இரண்டு கையாலும் வாங்கிக்கொண்டான். அம்மாடி, என்ன கனம்! நேற்று வரைக்கும் கோப்பிப் பழக்கூடை சுமந்த கைக்கு இப்படியொரு யோகம். அதுவும் அக்கா வீரம்மாவைக் கட்டிய மச்சான் தயவில்!

கடல் தாண்டி இந்த ஹேவாஹெட்டக் கோப்பித் தோட்டத்துக்கு அவன் வந்து ஒன்பது மாதம்தான். சன்னாசி ஆறு வருஷமாகத் துரையோடு வேட்டைக்குப் போகிறவன். துவக்குகளுக்கு மருந்தும் குண்டும் போட்டுக் கெட்டிப்பது அவன் வேலை. கோப்பி நாற்றுமேடையை மிதித்துத் துவம்சம் செய்த ஒற்றை யானையைத் தேடித்தான் இன்று மூவரும் கிளம்பியிருந்தார்கள்.

துரை முன்னால் விறுவிறுவென்று நடந்தார். கறுப்பையாவுக்கு வாய் சும்மா இருக்கவில்லை.

"மச்சான், துரைக்கு எந்தத் துவக்கு ரொம்பப் பிடிக்கும்?"

"அவர் கையில இருக்கிற சின்னதுதான். தோளை உதைக்காது, குறி தப்பாது. ஆனா குண்டு சின்னதுல்ல? நெத்தியில பட்டா யானை சட்டை பண்ணாது. பக்கவாட்டுல, கண்ணுக்கும் காதுக்கும் நடுவுல வச்சாத்தான் சாயும்."

"அப்ப இந்தப் பெரிசு?"

"அது பாதையில நிக்கிற ஆளுக்கு. ரெட்டைக் குழல். ஒவ்வொரு குண்டும் உன் கட்டைவிரல் தண்டி. எதுக்க வர்ற யானையையே உக்கார வச்சிரும். அதான் நம்பிக்கையான ஆள் கையில மட்டும் குடுக்கிறது."

நம்பிக்கையான ஆள்! கறுப்பையாவுக்குத் தலைகால் புரியவில்லை. நேற்று மச்சான் சொல்லி அவன்தான் இரண்டையும் துடைத்து வைத்தான். சின்னத் துவக்குக்குள் விட்ட துணி அடுப்புக்கரியாக வந்தது. பெரியதில் விட்ட துணியோ வெள்ளையாகவே வந்தது. எவ்வளவு பத்திரமாக வைத்திருக்கிறார்கள் என்று மெச்சிக்கொண்டான்.

காட்டோரத்தில் துரை கையைக் காட்டி ஆட்களை நிறுத்தினார். கறுப்பையா ஒற்றையடிப் பாதையின் நடுவில். துரை வலப்பக்கத்துப் பாறை மறைவில், சன்னாசி அவருக்குப் பின்னால்.

போகுமுன் சன்னாசி அவன் காதோடு சொன்னான். "பத்துத் தப்படி தூரம் வரைக்கும் வரவிடு. முந்திச் சுட்டுராத. என்ன ஆனாலும் ஓடாத. ஓடுறவனை யானை விடாது."

"நீங்க இருக்கீங்களே மச்சான், எனக்கென்ன பயம்?"

சன்னாசி அவன் முகத்தைப் பார்க்காமல் பாறைப் பக்கம் நடந்தான்.

கொஞ்ச நேரத்தில் மூங்கில் படபடவென்று முறிந்தது. யானை பாதைக்கு வந்து, அவனைப் பார்த்ததும் காதை விரித்துக்கொண்டு பாய்ந்தது. கறுப்பையாவின் கால் இரண்டும் ஓடு ஓடு என்றன. ஆனாலும் கையில் இருப்பது பெரிய துவக்கல்லவா, நின்றான்.

முப்பது தப்படி. இருபது. பத்து. விசையை இழுத்தான். டப்பென்று ஒரு சத்தம், அவ்வளவுதான். அடுத்த குழலின் விசையையும் இழுத்தான். அதுவும் டப்!

"முருகா!" என்று கண்ணை மூடிக்கொண்டான்.

பாறைப் பக்கமிருந்து ஒரு வெடி. நிலம் அதிர்ந்தது. கண்ணைத் திறந்தால், யானை அவன் காலடியில் சரிந்து கிடந்தது. காதோரத்தில் ஒரு சின்ன ஓட்டை.

துரை சின்னத் துவக்குக்கு ஒரு முத்தம் கொடுத்தார். "சபாஷ் கறுப்பையா! நல்லா நின்னது!" என்று தட்டிக்கொடுத்துவிட்டு, வேட்டை அடையாளமாக யானையின் வாலை அறுக்கக் கத்தியோடு போய்விட்டார்.

மருந்து நனைந்திருக்குமோ? கறுப்பையா துவக்கில் செருகியிருந்த, மருந்து கெட்டிக்கும் இரும்புக் கம்பியை உருவிக் குழலுக்குள் விட்டான். கிணிங்கென்று அடிவரை போய் மோதியது. அடுத்ததிலும் கிணிங். மருந்தும் இல்லை, குண்டும் இல்லை.

அவன் நெஞ்சு வெந்தது. சன்னாசியின் சட்டையைப் பிடித்து மரத்தடிக்கு இழுத்துப் போனான்.

"மருந்து போட மறந்துட்டியே, பாவி! உன்னை நம்பித்தானே கடல் தாண்டி வந்தேன்? இந்நேரம் கூழாப் போயிருப்பேனே! எங்கக்கா மூஞ்சியில எப்படி முழிச்சிருப்ப?"

சன்னாசி குனிந்த தலை குனிந்தபடியே நின்றான். அதைப் பார்க்கப் பார்க்கக் கறுப்பையாவின் கோபம் இறங்கியது. துரைக்குத் தெரிந்தால் மச்சானைத் தோட்டத்தை விட்டே விரட்டிவிடுவார். இரண்டு பிள்ளைகளோடு அக்கா எங்கே போவாள்?

சட்டையிலிருந்து கையை எடுத்துவிட்டுக் கண்ணைத் துடைத்துக்கொண்டான்.

"சரி, விடுங்க மச்சான். மனுஷனுக்கு மறதி வர்றதுதான். துரைகிட்ட நான் மூச்சு விடமாட்டேன். அக்காகிட்டயும் சொல்லமாட்டேன். போதுமா?"

சன்னாசி அப்போதும் நிமிரவில்லை.

"நான் மறக்கல மாப்ளே. போட வேணாம்னு துரைதான் சொன்னாரு. யானை உன்னைப் பாத்துப் பாயணும், ஆனா அவர் குண்டுலதான் சாயணுமாம். வெறுங்கையோட யானைக்கு முன்னால நிக்கச் சொன்னா, நீ நிப்பியா?"