மூன்றாவது சைலன்சர்

காது மந்தமான கணவர் தன் ஸ்போர்ட்ஸ் காருக்கு முதுகைக் காட்டி, பட்டறைச் சுவரைப் பார்த்து நிற்கிறார். கண்ணால் பார்த்துவிட்டு, கேட்டதாகப் பாவனை செய்யக் கூடாதென்பது மனைவியின் நிபந்தனை. சட்டம் அனுமதிக்கும் சத்தத்துக்குள் இரண்டு சைலன்சர்களை மாட்டிப் பார்த்தாயிற்று; அவர் அசையவில்லை. மூன்றாவதும் கேட்காவிட்டால் காரை விற்றுவிடுவதாகச் சொல்லியிருக்கிறார். “நான் திட்டுறதே கேக்காது, இதுவா கேக்கப் போகுது?” என்று மனைவி சிரிக்கிறாள். “சத்தத்தைக் கூட்ட முடியாதுக்கா. வண்டிய அடித்தொண்டையில பேச வைக்கலாம்,” என்கிற மெக்கானிக் பெண், அகலக் குழாய் வைத்த மூன்றாவதை மாட்டி எஞ்சினை முடுக்குகிறாள். கூரை இடுக்கின் வெயிலில் தூசி நடுங்குகிறது. உறுமல் ஏறி இறங்குவதற்குச் சரியாக, அவர் விரல்கள் தொடையில் தாளம் போடத் தொடங்குகின்றன. மனைவி மெக்கானிக்கின் கையை இறுகப் பற்றிக்கொள்கிறாள். “ஐயோ, கையெல்லாம் கிரீஸ், அக்கா!” “இருக்கட்டும்மா.”