யார் வலை?

“மேல் ஏரியில வீசின வலையை, ஈரம்கூடக் காயாம கீழ் ஏரியில இறக்கினது யாரு?”

மீன் டாக்டரம்மா மூன்றாவது தடவையாகக் கேட்டாள். மீனவர் சங்கக் கூடம் நிரம்பியிருந்தது.

இரண்டு ஏரித் தண்ணீருக்கும் ஒட்டுமில்லை, உறவுமில்லை. ஆனாலும் மேலே மீன்களுக்கு வந்த புண் கீழேயும் வந்துவிட்டது. நோய் என்ன, கால் முளைத்து நடந்தா வரும்? ஈர வலையில் சவாரி செய்துதான் வந்திருக்கிறது.

“யாரையும் தண்டிக்க வரல. அந்த வலை வேற எங்கெல்லாம் போச்சுன்னு தெரிஞ்சா அங்கயாவது தடுத்துடலாம். இல்லேன்னா எல்லா ஏரியிலயும் மீன் செத்து மிதக்கும்!”

எல்லோரும் தரையைப் பார்த்தார்கள். வலையைக் கழுவிக் காயவைக்காமல் ஏரி மாற்றுவதில்லை என்று இதே கூடத்தில் சத்தியம் செய்தவர்கள். வாக்கு தவறியவன் என்று பெயர் வாங்க யாருக்கு மனசு வரும்?

முன்வரிசையில் சங்கத் தலைவர் எழுந்தார்.

“என் வலைதாம்மா.”

டாக்டரம்மாவுக்குச் சுருக்கென்றது. அந்தச் சத்தியத்தை வாங்கியதே இந்த மனுஷன்தான்!

“ஊருக்குத்தான் உபதேசமா தலைவரே? வெட்கமா இல்ல?”

“தப்புதாம்மா.” தலைவர் தலை குனிந்தார்.

பின்வரிசையில் ஒருவன் தடாலென்று எழுந்தான். “அண்ணே, நீங்க உட்காருங்க. என் வலைதான். கிழக்கு ஏரிக்கும் கொண்டுபோனேன்.”

“நானுந்தான். அணைக்கட்டுலயும் வீசினேன்,” என்றான் இன்னொருவன், கண்ணைத் துடைத்துக்கொண்டு.

பிறகு அடுத்தவன். அதற்கடுத்தவன்.

மதியத்துக்குள் அந்த ஏரிகளிலெல்லாம் படகுகள் கரையேறிவிட்டன. கிழக்கு ஏரியில் ஒரு மீன்கூட இன்னும் சாகவில்லை. டாக்டரம்மாவுக்குத் தன் வேலையை நினைத்து நெஞ்சு நிறைந்தது.

மருந்துத் தண்ணீரில் ஊறவைக்க வீடு வீடாக வலை வாங்கிக்கொண்டு வந்தவள், கடைசியாகத் தலைவர் வீட்டுக் கதவைத் தட்டினாள். அவர் மனைவி திறந்தாள்.

“அக்கா, அவர் வலையைக் கொடுங்க. தலைவரே இப்படிச் செய்யலாமா?”

“எந்த வலை? தோள்பட்டை போனதுலேர்ந்து அவர் ஏரிப்பக்கமே போறதில்லையேம்மா. வலையைக்கூட எப்பவோ தூக்கிக் கொடுத்தாச்சு.”

“அப்போ... கூட்டத்துல எல்லார் முன்னாடியும் சொன்னாரே?”

அந்த அம்மாள் பெருமையாகச் சிரித்தாள்.

“உங்களுக்கு மட்டுந்தாம்மா தெரியாது. அங்க இருந்த மத்த எல்லாருக்கும் தெரியும்!”