பின்னால் ஒருத்தன்

மேனேஜர் மறுபடி திரும்பிப் பார்த்தார். அப்பாடா! பியூன் இருபதடி பின்னால்தான் வந்துகொண்டிருந்தான்.

பதினேழாவது கிலோமீட்டர். தொப்பையைத் தூக்கிக்கொண்டு ஓடிய வக்கீல்கூட அவரைத் தாண்டிப் போய் ஒரு மணி நேரமாகிறது. போகட்டும், சனியன். அறுபத்து மூன்று வயதில் முதல் ஓட்டம், இருபத்தோரு கிலோமீட்டர் அரை மாரத்தான். முதலாவதாக வருவேன் என்று அவர் யாரிடமும் சொல்லவில்லை. கடைசியாக வரமாட்டேன் என்றுதான் சொல்லியிருந்தார்.

அதுவும் மைத்துனனிடம். மாற்றுத்திறனாளிப் பிள்ளைகளின் பள்ளிக்காக நடக்கும் ஓட்டம் இது. "அத்தான், நீங்க கடைசியா வராம இருங்க, அது போதும். அந்தப் பிள்ளைங்களுக்குப் பத்து சக்கர நாற்காலி நான் வாங்கித் தர்றேன்" என்று சாப்பாட்டு மேஜையில் எல்லார் முன்னாலும் சொன்னான் அந்தத் தறுதலை. "கடைசியா வந்தீங்கன்னா, இனிமே என் பிழைப்பைப் பத்தி நீங்க வாயே திறக்கக் கூடாது!" கட்டின மனைவியும் சேர்ந்து சிரித்ததுதான் அவருக்கு இன்னும் எரிந்தது.

நல்லவேளை, பியூன் கிடைத்தான். முப்பது வருஷம் அவர் அறை வாசலில் ஸ்டூல் போட்டுத் தூங்கிவிட்டு, அவரோடு அதே மாதம் ஓய்வு பெற்றவன். உடம்பில் யாரிடமோ இரவல் வாங்கின மாதிரி தொளதொள பச்சைச் சட்டை. இடுப்பில் செங்கல் கனத்துக்கு ஏதோ ஒரு செல்போன்.

"ஓட வர்றவன் அதை வீட்ல வச்சிட்டு வரமாட்டானா? மூளை இருந்தாத்தானே!" என்று முனகிக்கொண்டார்.

"மெதுவாப் போங்க சார். நான் இருக்கேன்."

"நீ இருந்து என்னத்தைக் கிழிக்கப் போற? அப்பவும் என் பின்னாடி, இப்பவும் என் பின்னாடி. ஒரு தடவையாவது முந்திப் பாரேன்!"

"ஐயோ, உங்களை நான் முந்தலாமா சார்?"

மேனேஜருக்கு வயிறு குளிர்ந்தது. அந்த பயம் இருக்கட்டும்!

தண்ணீர் மேஜையில் இரண்டு கிளாஸ் குடித்துவிட்டுக் கிளம்பினார். பின்னால் வந்த பியூன் கையை ஆட்ட, அங்கிருந்த பெண்கள் மேஜையை மடக்க ஆரம்பித்தார்கள். "அதுக்குள்ள என்ன அவசரம்? பின்னாடி வர்றவங்களுக்குத் தண்ணி வேண்டாமா? பொறுப்பே கிடையாது!" என்று மேனேஜர் கத்தினார். பெண்கள் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள்.

ஓட்டத்தின் விதிமுறைகள் என்று நாலு பக்கத் தாள் முந்தின நாளே கொடுத்திருந்தார்கள். அவர் பிரித்துக்கூடப் பார்க்கவில்லை. படிக்காமலே முப்பது வருஷம் கையெழுத்துப் போட்ட கை அது.

இருபதாவது கிலோமீட்டரில் கெண்டைக்கால் இழுத்துக்கொண்டது. இடுப்பைப் பிடித்துக்கொண்டு நின்றார். திரும்பினால், பியூனும் நிற்கிறான்! முகத்தில் ஒரு சொட்டு வியர்வை இல்லை. 'வியர்வை வராத அளவுக்கு ஓடினால் எப்படிடா முந்துவாய்?' என்று நினைத்ததும் அவருக்குச் சிரிப்பு வந்தது. அந்தச் சிரிப்பின் தெம்பிலேயே நொண்டி நொண்டி நடந்தார்.

முடிவுக் கோட்டில் மைத்துனன் செல்போனைத் தூக்கிப் பிடித்து வீடியோ எடுத்துக்கொண்டிருந்தான். மேனேஜர் கோட்டைத் தாண்டினார். மூச்சு வாங்கியது, வாய் மட்டும் அடங்கவில்லை.

"நல்லா எடுடா! என்னையும் எடு, எனக்குப் பின்னாடி வர்றானே, அந்த வெத்துவேட்டையும் எடு! பத்து நாற்காலி... ஒண்ணுகூடக் குறையக் கூடாது!"

மைத்துனன் செல்போனைப் பியூன் பக்கம் திருப்பினான்.

பியூன் கோட்டருகே நின்று, இடுப்பில் கரகரத்த வாக்கிடாக்கியைக் கழற்றி வாயருகே கொண்டுபோனான்.

"கடைசி ஆள் வந்தாச்சு. ரோட்டைத் திறந்து விட்டுருங்க."