இடது கண்ணுக்கும் பஞ்சு

ஈரப் பஞ்சை இறந்துபோன அண்ணனின் வலது கண்ணின் மேல் மட்டும் வைத்துவிட்டுக் கொழுந்தன் கையைத் துடைத்துக்கொண்டான்.

"இடது கண்ணுக்கும் வை தம்பி," என்றேன்.

"எதுக்கு அண்ணி? அது தோத்த கண்ணு."

கண் வங்கியிலிருந்து போனில் பேசிய பெண் சொன்னபடி மற்றதெல்லாம் செய்திருந்தோம். மின்விசிறியை நிறுத்தியாயிற்று. தலைக்கு இரண்டு தலையணை வைத்தாயிற்று. இமைகளை மூடி, மேலே ஈரப் பஞ்சு வைத்து, காயக் காய மாற்ற வேண்டும். ஆள் வந்து சேரும்வரை கண்கள் உலரக் கூடாது.

கொடுத்துவிடச் சொன்னது என் கணவர்தான். கடைசி வாரத்தில் அவர் என்னிடம் கேட்டது அது ஒன்றுதான். "ரெண்டையும் குடுத்துடு. எது தேறுதோ அவங்க பாத்துக்கட்டும்."

அவர் ஹெவிவெயிட் குத்துச்சண்டைக்காரராக இருந்தவர். ரிங்கில் அவருக்குப் பீரோ என்று பெயர். நகர்த்த நாலு பேர் வேண்டுமாம். இப்போதும் கட்டில் அவருக்குப் போதவில்லை. போர்வையைப் பாதத்துக்கு இழுத்தால் தோள் வெளியே வந்தது.

பட்டத்துக்கு முன்னால் ஒரே ஒரு சண்டை பாக்கியிருந்தது. அதில் இடது கண்ணில் வாங்கிய குத்தில் உள்ளே விழித்திரை கிழிந்தது. கண்ணும் போயிற்று, சண்டையும் போயிற்று.

அன்று அவருடைய மூலையில் நின்றது கொழுந்தன். இரண்டு சுற்றுக்கு நடுவில் கிடைக்கும் ஒரு நிமிடத்தில் அண்ணனை ஸ்டூலில் உட்காரவைத்து, வாயில் தண்ணீர் ஊற்றி, ஐஸில் கிடந்த இரும்புத் துண்டை எடுத்து வீக்கத்தில் ஒற்றுவது அவன் வேலை. கண்ணு தெரியுதா என்று கேட்டானாம். தெரியுது என்றாராம். மணி அடித்ததும், "முகத்துக்கு முன்னாடி இருந்து கைய இறக்காதண்ணே" என்று முதுகில் தட்டி அனுப்பிவைத்தான்.

அதற்குப் பிறகு அவன் அண்ணனுக்கு இடது பக்கம் உட்கார்ந்து நான் பார்த்ததில்லை.

அவர் விடமாட்டார். "இந்தப் பக்கம் வந்து உக்காருடா. உன் மூஞ்சியப் பாக்காம ரெண்டு வாய் நிம்மதியா சாப்பிடுறேன்," என்பார்.

அவன் சிரிப்பான். தட்டை மட்டும் நகர்த்தமாட்டான்.

"அது செத்து எவ்வளவோ வருஷம் ஆச்சு அண்ணி," என்றான் இப்போது. "அதைத் திறந்து பாத்துட்டு வேணாம்னு சொல்லப்போறாங்க. அண்ணன் இனிமே ரிங்குக்கு வேணாம்னு ஒரு டாக்டர் சொல்லி ஒரு தடவ கேட்டாச்சு. இன்னொரு தடவ கேக்கணுமா நான்?"



"உங்கண்ணன் ரெண்டுன்னுதான் சொன்னார்," என்றேன்.

தண்ணீர்க் கிண்ணத்தைக் கையில் எடுத்தான். பிறகு கட்டிலைச் சுற்றிக்கொண்டு இடது பக்கம் வந்தான். பஞ்சை நனைத்து, உள்ளங்கையில் வைத்துப் பிழிந்து, இமையின் மேல் வைத்தான்.

வைத்தவன் கையை எடுக்கவில்லை. விரல் நுனியால் அதன் ஓரங்களை ஒற்றிக்கொண்டே இருந்தான். எவ்வளவு அழுத்தலாம் என்று தெரிந்த விரல்கள்.

அதன்பின் இரண்டு கண்ணுக்கும் அவனேதான் பஞ்சு மாற்றினான். நான் கேட்டும் தரவில்லை. காற்றில்லாத அறையில் அவன் சட்டை முதுகோடு ஒட்டிப்போயிருந்தது.

வெயில் சாயும் நேரத்தில் கண் வங்கிப் பெண் ஒரு சிறிய பெட்டியோடு வந்தாள். செருப்பை வாசலில் விட்டுவிட்டு, அவர் முகத்தைப் பார்த்து ஒரு முறை கைகூப்பினாள். பிறகு டார்ச்சை எடுத்தாள்.

வலது கண்ணை நெடுநேரம் பார்த்தாள். இடது கண்ணைப் பார்த்தாள். மறுபடியும் வலது.

"வலது கண்ணுல தழும்பு இருக்குங்க. பொறி பட்டு ஆறியிருக்கு. இது உதவாது."

சண்டையை விட்டபிறகு அவர் இரும்பு கேட் செய்யும் பட்டறைக்குப் போனார். இருக்கிற ஒரு கண்ணையும் மறைக்கிறது என்று பட்டறைக் கண்ணாடியைக் கழற்றி நெற்றியில் ஏற்றிவிட்டுத்தான் வேலை செய்வார். தெரிகிற கண்ணை இரும்பின் பக்கம் கொண்டுபோய்க் குனிவார். பறந்த பொறியையெல்லாம் அது வாங்கிக்கொண்டது. தெரியாத கண் எப்போதும் இரும்புக்கு மறுபக்கம் திரும்பியே இருந்தது.

கொழுந்தன் சுவரைப் பார்த்துக்கொண்டு நின்றான். "அப்ப ரெண்டும் இல்ல," என்றான்.

"யாருங்க சொன்னது? இடது நல்லா இருக்கே," என்றாள். "பின்னாடி திரை போயிருக்கும். எங்களுக்கு வேண்டியது முன்னாடி இருக்குற கண்ணாடி மாதிரிப் பாகம். அது தெளிவா இருக்கு. காயாம வேற வச்சிருக்கீங்க."

அவன் அப்படியே கட்டில் விளிம்பில் உட்கார்ந்துவிட்டான். அண்ணனுக்கு இடது பக்கம்.

வேலை முடிந்து அவள் பெட்டியை மூடிக் கிளம்பியபோது, வாசல்வரை பின்னாலேயே போனான்.

"யாருக்குங்க வைப்பீங்க?"

"அதைச் சொல்லக்கூடாதுங்க."

"சரி. யாரா இருந்தாலும் சொல்லிடுங்க. முகத்துக்கு முன்னாடி இருந்து கைய இறக்க வேணாம்னு சொல்லுங்க."

அவள் செருப்பை மாட்டிக்கொண்டு நிமிர்ந்தாள். சிரிக்கவில்லை.

"சொல்லிடுறேண்ணா," என்றாள்.