ஐந்தாம் நம்பர் டப்பா

“நீ நம்ம ஆளுய்யா. உனக்கு நான் சொல்லிக் குடுக்கணுமா?” என்று மேக்கப்காரரின் தோளில் கை போட்டார் செய்தி ஆசிரியர். இந்தத் தொலைக்காட்சி நிலையத்தில் இருபத்திரண்டு வருடம் வேலை பார்த்தவருக்கு அந்தக் கை கிடைத்தது இன்றைக்குத்தான். ஆபத்துக்குப் பாவமில்லை.

“உள்ள ஒரே ஒரு கேள்விதான் கேப்பாங்க. அந்தப் பொண்ணு கையில இருக்கறதை மறைக்கச் சொன்னது யாருன்னு. நான் சொன்னேனா?”

“இல்ல சார்.”

“அதை அப்படியே சொல்லிட்டு வந்துடு. அடுத்த வாரம் உன் ஒப்பந்தம் என் மேஜைக்குத்தான் வருது. நான் பாத்துக்கறேன்.”

மேக்கப்காரர் தலையாட்டினார். பயமோ வெட்கமோ வந்திருக்க வேண்டும், ஒன்றும் வரவில்லை. பல் டாக்டர் ஊசி போட்ட பிறகு கன்னம் இருக்குமே, அப்படி மரத்துப்போயிருந்தது மனசு.

விசாரணை அறைக்கு வெளியே காத்திருந்தபோது ஸ்டோர்காரர் பதிவேட்டை நீட்டினார். நேரம் காலம் பார்க்காத மனிதர்.

“யோவ், இந்த அஞ்சாம் நம்பர் பவுண்டேஷன், கறுத்த தோலுக்குப் பூசறது, மாசாமாசம் ஒரு டப்பா தீருது. நம்ம கிட்ட செய்தி வாசிக்கறவங்க எல்லாம் ரெண்டாம் நம்பர், மூணாம் நம்பர் நிறம். இதை யாருக்குய்யா பூசற?”

“மூக்குக்கு நிழல் போடறதுங்க.”

“மாசம் ஒரு டப்பா நிழலா? அது என்ன மூக்கா, மலையா?”

சிரித்துக்கொண்டே அவர் போய்விட்டார். மேக்கப்காரர் சிரிக்கவில்லை.

விஷயம் இதுதான். ஆறு மணிச் செய்தி வாசித்த பெண்ணின் இடது மணிக்கட்டில் வரிசையாக மூன்று பச்சைப் புள்ளிகள். அவளுடைய மதத்தில் பிறக்கிற குழந்தைக்கெல்லாம் குத்துவது. அந்த மதத்துக்காரர்கள் ஊரில் கொஞ்சம்தான். புள்ளியைப் பார்த்ததும் ‘வீடு காலியில்லை’ என்று சொல்பவர்கள் ஏராளம்.

வேலைக்கு வந்த முதல் நாள் அவள் நாற்காலியில் உட்கார்ந்து கையை நீட்டியதுமே மேக்கப்காரரின் விரல் தானாகப் போய் இரண்டாம் நம்பரைத் தொட்டுப் புள்ளிகள்மேல் பூசிவிட்டது. ஒரு நொடி நின்று யோசித்திருந்தால் பூசியிருக்க மாட்டாரோ என்னவோ.

“ஏண்ணே?” என்று கேட்டாள்.

“கேமராவுக்கு ஆகாதும்மா” என்றார். மேலிடத்து உத்தரவு போலிருக்கிறது என்று அவளும் வாயை மூடிக்கொண்டாள்.

எட்டு மாதம் பொறுத்தவள், போன மாதம் ஒரு நாள் பூச்சைத் துடைத்துவிட்டுப் போய்ச் செய்தி வாசித்தாள். மறுநாள் ஆறு மணி நாற்காலியில் வேறொருத்தி. உச்சரிப்பு சரியில்லையாம். எட்டு மாதம் நன்றாக இருந்த உச்சரிப்பு ஒரே நாளில் கெட்டுப்போனது அதிசயம்தான்.

மதத்தைப் பார்த்து ஒதுக்குகிறார்கள் என்று தலைமை அலுவலகத்துக்குப் புகார் எழுதினாள். நிரூபிக்காவிட்டால் பொய்ப் புகார் என்று சொல்லி வீட்டுக்கு அனுப்பிவிடுவார்கள். அவளுக்கு இருந்த ஒரே சாட்சி மேக்கப்காரர்.

உள்ளே கூப்பிட்டார்கள். நீள மேஜையின் நடுவில் விசாரணை அதிகாரியம்மாள், ஒரு பக்கம் செய்தி ஆசிரியர், மறுபக்கம் அந்தப் பெண். மேக்கப்காரரைப் பார்த்ததும் அவள் நிமிர்ந்து உட்கார்ந்தாள். தினமும் அரை மணி நேரம் முகத்தை நம்பிக் கொடுத்த மனிதர் அல்லவா.

“இவங்க கையை மறைக்கச் சொல்லி உங்ககிட்ட சொன்னது யாரு?” என்று கேட்டார் அதிகாரி.

“யாரும் சொல்லலை, மேடம்.”

“நல்லா யோசிச்சுச் சொல்லுங்க. செய்தி ஆசிரியர் சொல்லலையா?”

“சொல்லலை.”

செய்தி ஆசிரியர் நாற்காலியில் சாய்ந்துகொண்டார். “நான்தான் சொன்னேனே மேடம். இங்க மதம் கிதம்னு ஒரு பேச்சே கிடையாது. எல்லாரும் ஒரே குடும்பம்.”

“அண்ணே!” அந்தப் பெண்ணின் குரல் உடைந்தது. “பொய் சொல்லாதீங்கண்ணே. என் வேலையே போயிடும்.”

“பொய் இல்லம்மா. நானாத்தான் பூசினேன்.”

அதிகாரி பேனாவைக் கீழே வைத்தார். “நீங்களாவா? அந்தப் பொண்ணோட மதம் உங்களை என்ன பண்ணுச்சு? அது மேல அவ்வளவு வெறுப்பா உங்களுக்கு?”

அந்தப் பெண் அவரைப் பார்த்தாள். கூடவே இருந்து குழி பறித்தவனைப் பார்க்கிற பார்வை. அதுவும் அவருக்கு உறைக்கவில்லை.

சட்டைப் பையில் எப்போதும் இருக்கும் பஞ்சையும் எண்ணெய்க் குப்பியையும் எடுத்தார். செய்தி முடிந்து வருகிறவர்களுக்கு மேக்கப் கலைப்பதுபோல, அவசரமே இல்லாமல், தன் இடது மணிக்கட்டைத் துடைத்தார்.

பஞ்சு கறுத்தது. முதல் புள்ளி தெரிந்தது, பிறகு இரண்டாவது, பிறகு மூன்றாவது.

செய்தி ஆசிரியர் சாய்ந்திருந்த நாற்காலியிலிருந்து நிமிர்ந்தார். மேக்கப்காரர் கையை மேஜைமேல், அதிகாரிக்குத் தெரிகிற மாதிரி வைத்தார்.

“எனக்கும் இருபத்திரண்டு வருஷமா யாரும் சொல்லலை, மேடம்.”