நனைத்தபோது தெரிந்த நிறம்

பட்டறை மூலையில் ஒரு வாகைப் பலகை வெகுகாலமாகச் சாய்ந்து நின்றது. மேனி வெளிறிக் கிடந்ததால் யாரும் அதைத் திரும்பிப் பார்த்ததில்லை. ஒருநாள் மேசைக்கு மரம் தேடி ஓர் அம்மாள் வந்தாள். பாலிஷ் போட்டால் எப்படி இருக்கும் என்று காட்ட, ஆசாரி ஈரத்துணியால் பலகையைத் துடைத்தார். வெளிறிய மரத்தில் கருந்தேன் நிறம் பொங்கியது.

"இவ்வளவு கருப்பு வேண்டாங்க" என்று அம்மாள் வேறு பலகையை எடுத்துப் போனாள். ஆசாரி துணியை வாகையின் தலையில் போட்டுவிட்டு நகர்ந்தார்.

"நான் எப்படி இருந்தேன்?" என்று பலகை துணியிடம் கேட்டது.

"எத்தனையோ மரத்தைத் துடைச்சிருக்கேன். இப்படி ஒரு நிறத்தைப் பார்த்ததில்லை."

"இன்னும் இருக்கா?"

துணி குனிந்து பார்த்தது. ஈரம் காய்ந்து, பலகையின் ஓரமெல்லாம் வெளுத்துக்கொண்டிருந்தது.

"இருக்கு" என்றது.

பலகை கேட்டுக்கொண்டே இருந்தது. துணியும் சலிக்காமல் அதையே சொன்னது. மாலையில் ஆசாரி துணியை எடுத்துக்கொண்டு வேறு வேலைக்குப் போய்விட்டார்.

மறுநாள் புதுப் பலகைகள் வந்து இறங்கின. பக்கத்தில் சாய்ந்த ஒன்று, "நீங்க என்ன நிறம்?" என்று விசாரித்தது.

"கருந்தேன் நிறம்" என்றது வாகை.

புதுப் பலகை அதை மேலும் கீழும் பார்த்தது. மரியாதைக்கு "அப்படியா" என்று சொல்லிவிட்டு, அந்தப் பக்கம் இருந்த பலகையோடு பேசத் தொடங்கியது.