எட்டாவது ஓட்டை

ராணுவ ஏலத்தில் எடுத்த பழைய லாரியில் உப்பு ஏற்றப்போவதாகவும், பின்பக்கத் தகரக் கூண்டுக்குள் ஒரு சொட்டு மழைத்தண்ணீர் இறங்கக்கூடாதென்றும் தங்கமாரி அண்ணாச்சி சொல்லியிருந்தார். ஓட்டைகளைக் கண்டுபிடிக்க வெல்டர் இருதயராஜுக்குத் தெரிந்தது ஒரே வழிதான். சாக்பீஸோடு உள்ளே ஏறிக்கொண்டு, கதவை வெளியிலிருந்து சாத்தச் சொல்வார். இருட்டில் வெளிச்சம் புள்ளியாகத் தெரிகிற இடத்தையெல்லாம் வட்டமிட்டுக்கொண்டே வருவார். அன்றும் அப்படித்தான் ஏறினார். விளிம்பில் வெளிச்சம் கசியாமலிருக்க அண்ணாச்சி கதவை அழுத்திச் சாத்தித் தாழ் போட்டார். முதல் புள்ளியில் சாக்பீஸை வைத்தபோது விரல் ஒரு கீறலில் இறங்கியது. அதைச் சுற்றி ஏற்கெனவே யாரோ ஆணியால் வட்டம் கீறியிருந்தார்கள். அடுத்த புள்ளியிலும் இருந்தது. எல்லாவற்றிலும் இருந்தது. எட்டாவது ஓட்டை முழங்காலுக்கும் கீழே, படுத்தால்தான் கண் வைக்க முடிகிற உயரத்தில் இருந்தது. அங்கே மட்டும் பச்சைப் பெயின்ட் ஒரு கன்னத்தின் அகலத்துக்குத் தேய்ந்து, தகரம் வழவழவென்றிருந்தது. இருதயராஜ் எழுந்து போய்க் கதவைத் தடவினார். உட்பக்கம் கைப்பிடி இல்லை. எப்போதாவது இருந்ததற்கான திருகுத் துளைகூட இல்லை.

"எத்தன வே இருக்கு?" என்று வெளியிலிருந்து அண்ணாச்சி கேட்டார்.

"ஏழுதான் அண்ணாச்சி. கதவத் தொறங்க."

"பெரிய கூண்டுல்லா. என்ன அவசரம், நல்லா இன்னொரு தடவ பாரும்."

செருப்புச் சத்தம் டீக்கடைப் பக்கம் போனது. இருதயராஜ் படுத்து, தேய்ந்த தகரத்தில் கன்னத்தை வைத்தார். சரியாகப் பொருந்தியது.